அல்புகோ பூஞ்சை இல்லையென்றால் வேறென்ன?

கேள்வி: "11ஆம் வகுப்பு உயிரியல் புத்தகத்தில் அல்புகோவைப் பூஞ்சை என்று போட்டிருக்கிறார்கள். நீட் வகுப்பில் ஒரு சார் அது பூஞ்சையே கிடையாது என்கிறார். நீர்ப்பூஞ்சைகள் உண்மையில் எங்கே சேரும்? செல்சுவரில் செல்லுலோஸ் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகவா பிரித்தார்கள்?"

உங்கள் சார் சொன்னதுதான் சரி. கடுகுச் செடியில் வெள்ளைத்துரு நோயை உண்டாக்கும் அல்புகோ, பைட்டோப்தோரா, பித்தியம், சாப்ரோலெக்னியா இவையெல்லாம் ஊமைசீட்டுகள் என்ற ஒரே கூட்டம். நீர்ப்பூஞ்சை என்று சொல்லப்படுவது இந்தக் கூட்டத்தைத்தான். பார்த்தால் பூஞ்சை மாதிரியே இருக்கும். நூல் நூலாக வளரும், வித்து விடும், செத்ததைத் தின்னும், உயிருள்ளதிலும் ஏறித் தின்னும். ஆனால் சொந்தபந்தம் என்று பார்த்தால் இவற்றுக்கு அருகில் நிற்பவை பழுப்புப் பாசிகளும் டயாட்டம்கள் என்ற ஒற்றைச் செல் பாசிகளும். மண்டபம் கரையில் அள்ளுகிற சர்காசம் பாசியும் மிளகுக் கொடியை வாட வைக்கிற பைட்டோப்தோராவும் ஒரே கிளையில் வருபவை. காளான் அந்தப் பக்கமே இல்லை. அது நம் பக்கம். விலங்குகளும் பூஞ்சைகளும் ஒரு பொது மூதாதையிலிருந்து பிரிந்தவை.

தேர்வைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தேசியப் பாடநூலில் பைகோமைசீட்ஸ் என்ற தலைப்பில் மியூக்கர், ரைசோபஸ், அல்புகோ மூன்றையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். முதல் இரண்டும் அசல் பூஞ்சைகள், மூன்றாவது இல்லை. ஆனால் கேள்வித்தாள் புத்தகத்தை வைத்துத்தான் வருகிறது. அதனால் அங்கே புத்தகத்தில் உள்ளதை எழுதிவிட்டு வாருங்கள். புத்தகம் விட்டேக்கரின் ஐந்துலக வகைப்பாட்டைப் பின்பற்றுகிறது, அந்தக் கணக்கில் அது சொல்வது தவறும் இல்லை. விட்டேக்கர் எழுதியது 1969இல். அதற்குப் பிறகு நடந்ததுதான் உங்கள் கேள்விக்கான பதில்.

செல்சுவர் விஷயத்துக்கு வருவோம். "பூஞ்சைக்குக் கைட்டின், நீர்ப்பூஞ்சைக்குச் செல்லுலோஸ்" என்று ஒரே வரியில் மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். அந்த வரி எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. முதலாவது, ஊமைசீட்டுகளின் சுவரில் பெரும்பங்கு பீட்டா குளுக்கான்கள் என்ற சர்க்கரைச் சங்கிலிகள். செல்லுலோஸ் அதோடு சேர்ந்து வரும் ஒரு பகுதி. சாப்ரோலெக்னியா, அக்லியா போன்றவற்றில் கொஞ்சம் கைட்டினும் உண்டு. இரண்டாவது, செல்லுலோஸ் இருப்பதை வைத்து உறவு சொல்ல முடியாது. செடிகளில் இருக்கிறது, சில பாக்டீரியாக்கள் செய்கின்றன, கடலில் பாறையோடு ஒட்டி வாழும் டியூனிகேட் என்ற விலங்குகளின் மேலுறையிலும் இருக்கிறது. செல்லுலோஸ் வைத்திருப்பவர்களையெல்லாம் ஒரே வீட்டில் சேர்த்தால் வீடு நாறிப் போகும். எனவே, சுவர் ஒரு சந்தேகத்தைக் கிளப்பும் சாட்சி, அவ்வளவுதான். வழக்கை முடித்தவை வேறு.

அவற்றில் கண்ணால் பார்க்கக்கூடியதை முதலில் சொல்கிறேன், பள்ளி நுண்ணோக்கியே போதும். குளத்துத் தண்ணீரை, அடிச்சேறு கொஞ்சம் கலந்து, ஒரு அகலமான கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றுங்கள். வேகவைத்த எள் நாலைந்தைப் போடுங்கள். செத்த ஈயோ எறும்போ கிடைத்தால் அதுவும் சரி. வெயில் படாத இடத்தில் வைத்துவிடுங்கள். மூன்றாம் நாள் வாக்கில் எள்ளைச் சுற்றி நாலாபக்கமும் வெள்ளையாக மயிர் சிலிர்த்து நிற்கும். அந்த எள்ளை எடுத்துக் கழுவி, கொதிக்க வைத்து ஆறிய சுத்தமான தண்ணீரில் மாற்றி வையுங்கள். சாப்பாடு குறைந்துவிட்டது என்று தெரிந்ததும் அது வித்து விடத் தயாராகும்.

அடுத்த நாள் ஓர் இழையை எடுத்துக் கண்ணாடித் துண்டில் வைத்துப் பாருங்கள். இழை தடிமனாக இருக்கும். குறுக்குச் சுவர் கிடையாது, உள்ளே இருக்கும் சரக்கு ஒரே குழாயாக ஓடிக்கொண்டிருப்பது தெரியும். நுனிகளில் சில, கதாயுதம் போலத் தடித்து, உள்ளே கருத்து, அடியில் ஒரு சுவர் போட்டுக்கொண்டிருக்கும். அதுதான் வித்துப்பை. சற்றுப் பொறுமையாகப் பார்த்தால் உள்ளே இருப்பது மணி மணியாகப் பிரியும், நுனி திறக்கும், மணிகள் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு வெளியே வந்து நீந்த ஆரம்பிக்கும். நீந்திக் கலைந்து போனால் அது பெரும்பாலும் சாப்ரோலெக்னியா. வாயிலேயே உருண்டையாகக் கூடி நின்றுவிட்டால் அக்லியா. ஒரு வாரம் விட்டுவைத்தால் உருண்டையான பெண்ணுறுப்புகள், உள்ளே கோலிக்குண்டுகள் அடுக்கியதுபோல முட்டைகள், அவற்றை வெளியிலிருந்து தழுவிக்கொண்டிருக்கும் ஆண் இழைகள் எல்லாம் தெரியும். 1858இலேயே ஜெர்மானியத் தாவரவியலாளர் பிரிங்ஷைம் இதைப் பார்த்துவிட்டு, வவுச்சீரியா என்ற பாசியின் இனப்பெருக்கம் போலவே இருக்கிறதே என்று எழுதினார். மரபணு என்ற பேச்சே இல்லாத காலம் அது. வவுச்சீரியாவும் இன்று அதே கிளையில்தான் இருக்கிறது.

நீந்துகிற அந்த வித்தில், அதாவது சூஸ்போரில், இருக்கும் கசையிழைகள்தான் முக்கியமான தடயம். இரண்டு உண்டு. ஒன்று வழுவழுப்பானது, பின்னால் நீளும். மற்றது முன்னால் நீளும், அதன் இருபுறமும் மெல்லிய குழல் வடிவ ரோமங்கள் வரிசையாக இருக்கும். இந்த ரோமங்களை எலக்ட்ரான் நுண்ணோக்கியில்தான் தெளிவாகப் பார்க்க முடியும். அவை சும்மா அலங்காரத்துக்கு இல்லை. கசையிழையில் அலை அடியிலிருந்து நுனிக்குப் போகிறது. ரோமம் இல்லாவிட்டால் அது செல்லைப் பின்னுக்குத் தள்ளியிருக்கும். விறைப்பான ரோமங்கள் இருப்பதால் தண்ணீர் தள்ளப்படும் திசை தலைகீழாகி, செல் முன்னோக்கி இழுக்கப்படுகிறது. இந்த ஏற்பாடு மூன்று துண்டாக அமைந்த ரோமம் வரை அச்சு அசலாகப் பழுப்புப் பாசிகளின் இனச்செல்களில் இருக்கிறது, பொன்னிறப் பாசிகளில் இருக்கிறது. எந்தப் பூஞ்சையிலும் இல்லை. கைட்ரிட்டுகள் என்ற, நீந்தும் வித்து உடைய அசல் பூஞ்சைகளுக்குப் பின்பக்கம் ஒரே ஒரு வழுவழுப்பான கசையிழை இருக்கும். நம் விந்தணுவுக்கு இருப்பதும் அந்த மாதிரிதான்.

நீரில் வாழ்வது ஒரு அடையாளமே ஆகாது என்பதற்கும் கைட்ரிட்டுகளே சாட்சி. ஒரு காலத்தில் கைட்ரிட்டுகளையும் ஊமைசீட்டுகளையும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார்கள். இரண்டும் தண்ணீரில் வாழ்கின்றன, இரண்டும் நீந்தும் வித்து விடுகின்றன என்று. பிரித்துப் பார்த்தபோது ஒன்று பூஞ்சை உலகத்தின் அடிவேருக்கு அருகில் நின்றது, மற்றது உலகத்தைவிட்டே வெளியேறியது. உலகம் முழுவதும் தவளைகளை அழித்துக்கொண்டிருக்கும் கைட்ரிட்டு நீரில் பரவுவதுதான், ஆனால் அது பூஞ்சை. அதே தண்ணீரில் மீனின் மேல் பஞ்சாக வளரும் சாப்ரோலெக்னியா பூஞ்சை இல்லை.

உடலுக்குள்ளே இருக்கும் வித்தியாசங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெரும்பாலான பூஞ்சைகள் வாழ்நாளின் பெரும்பகுதியை ஒற்றை மடியமாக, அதாவது ஒரே தொகுதி குரோமோசோமுடன் கழிக்கின்றன. ஊமைசீட்டின் இழை நம் உடல் போல இரட்டை மடியம். மைட்டோகாண்ட்ரியாவின் உள்மடிப்புகள் பூஞ்சையில் தட்டையாக இருக்கும், இதில் குழாய் குழாயாக இருக்கும். சேமிப்புப் பண்டம் பூஞ்சையில் கிளைக்கோஜன். ஊமைசீட்டில் மைக்கோலாமினாரின், பழுப்புப் பாசியின் லாமினாரினுக்குத் தம்பி முறை. லைசின் என்ற அமினோ அமிலத்தைச் செய்யும் வழியும் வேறு. பூஞ்சைகள் ஒரு வழியில் செய்கின்றன, செடிகளும் பாக்டீரியாக்களும் இன்னொரு வழியில். 1960களில் வோகல் என்பவர் பல பூஞ்சைகளை எடுத்துச் சோதித்தபோது, ஊமைசீட்டுகள் செடிகளின் வழியில் போவதைக் கண்டார். ஒரு வேதிவினைத் தொடர் முழுவதும் வேறாக இருப்பது சுவரில் ஒரு பொருள் கூடக்குறைய இருப்பதைவிடப் பலமான சாட்சி என்பது என் எண்ணம்.

கடைசி ஆணி 1987இல் அடிக்கப்பட்டது. ரைபோசோமின் சிறு துணை அலகில் உள்ள ஆர்.என்.ஏ. எல்லா உயிர்களிலும் உண்டு, மிக மெதுவாக மாறும். அக்லியாவின் ஆர்.என்.ஏ.வை கண்டர்சன், சோகின் குழுவினர் வரிசைப்படுத்திப் பார்த்தார்கள். அது ஈஸ்டின் பக்கத்தில் போகவில்லை, ஆக்ரோமோனாஸ் என்ற பொன்னிறப் பாசியின் பக்கத்தில் போய் நின்றது. அதன் பிறகு இதை மறுத்துப் பேசுபவர்கள் அநேகமாக இல்லை.

வகைப்பாட்டில் இது எப்படி நகர்ந்தது என்றால், விட்டேக்கரே இவற்றைப் பூஞ்சை உலகத்துக்குள் ஒரு தனி உட்பிரிவாக ஓரமாகத்தான் வைத்திருந்தார். அவருக்கும் சந்தேகம் இருந்திருக்கிறது. மார்குலிஸ் இவற்றைப் புரோட்டாக்டிஸ்டா என்ற பெரிய மூட்டைக்கு மாற்றினார். 1981இல் கேவலியர்-ஸ்மித் குரோமிஸ்டா என்று ஒரு புது உலகமே உண்டாக்கிப் பழுப்புப் பாசி, டயாட்டம்களோடு இவற்றை அங்கே சேர்த்தார். 1989இல் பேட்டர்சன், அந்த ரோமக் கசையிழையை அடையாளமாக வைத்து ஸ்ட்ராமினோபைல் என்ற பெயரைக் கொடுத்தார். 2007 வாக்கில் பல ஜீன்களைச் சேர்த்து ஒப்பிட்டவர்கள், ஸ்ட்ராமினோபைல்களையும் ஆல்வியோலேட்டுகளையும் ரைசேரியாவையும் சேர்த்து எஸ்.ஏ.ஆர். என்ற பெருங்கிளையாக்கினார்கள். மலேரியா கிருமியும் பாரமீசியமும் ஆல்வியோலேட்டுகள். முட்டைக்கோசு வேரில் கழலை உண்டாக்கும் பிளாஸ்மோடியோஃபோரா ரைசேரியாவில் வருகிறது. அதையும் முன்பு பூஞ்சைப் பாடத்தில்தான் நடத்தினார்கள். சளிப்பூஞ்சைகளோ அமீபாக்களின் கிளைக்குப் போய்விட்டன.

ஆக, இன்றைய தேதியில் முகவரி இது: யூகேரியோட்டுகள், எஸ்.ஏ.ஆர்., ஸ்ட்ராமினோபைல்கள், ஊமைசீட்டுகள். சில புத்தகங்களில் குரோமிஸ்டா உலகம் என்று இருக்கும், சிலவற்றில் புரோட்டிஸ்டா என்று இருக்கும். உலகம் என்ற தட்டை எங்கே போடுவது என்பதில்தான் அந்தச் சண்டை. பழுப்புப் பாசிக்கு அருகில், பூஞ்சைக்குத் தூரம் என்பதில் சண்டை இல்லை.

"பாசியின் சொந்தம் என்றால் பச்சையம் எங்கே?" என்று கேட்பீர்கள். இவற்றின் மூதாதைக்குப் பசுங்கணிகம் இருந்து பிறகு தொலைந்ததா, அல்லது பாசிகள்தான் பிரிந்த பிறகு பசுங்கணிகத்தைப் பெற்றனவா என்பது இன்னும் தீராத வாதம். 2006இல் இரண்டு பைட்டோப்தோராக்களின் ஜீனோமை வெளியிட்டவர்கள், பாசி மூதாதையின் மிச்சம் போலத் தெரியும் பல ஜீன்கள் இருப்பதாகச் சொன்னார்கள். பின்னால் வந்தவர்கள் அந்தக் கணக்கை அப்படியே ஏற்கவில்லை.

இவ்வளவு தூரத்துச் சொந்தம் ஏன் இத்தனை ஒற்றுமையாக இருக்கிறது? பிழைப்பு ஒன்று, அதனால் உருவமும் ஒன்றாகிவிட்டது. வாய் இல்லாமல், நொதியை வெளியே விட்டு, கரைந்ததை உறிஞ்சிச் சாப்பிட வேண்டும் என்றால் பரப்பளவு நிறைய வேண்டும், திசுவுக்குள் துளைத்துக்கொண்டும் போக வேண்டும். மெல்லிய இழையைவிட அதற்குத் தோதான உடல் இல்லை. இதில் ஒரு ருசியான திருப்பமும் உண்டு. ஊமைசீட்டுகள் அசல் பூஞ்சைகளிடமிருந்து ஜீன்களையே வாங்கியிருக்கின்றன. செடியின் சுவரைக் கரைக்கும் நொதிகள், சர்க்கரையை உள்ளே இழுக்கும் புரதங்கள் என்று பல. ரிச்சர்ட்ஸ் குழுவினர் 2006இலும் 2011இலும் இதைக் காட்டினார்கள். பங்காளியாக இல்லாமல், பக்கத்து வீட்டுக்காரனிடம் கடன் வாங்கியே அவனைப்போல ஆகிவிட்ட கதை.

இதெல்லாம் பெயர்ப்பலகை மாற்றம்தானே என்று நினைத்துவிட வேண்டாம். மருந்துக் கடைக்குப் போனால் வித்தியாசம் தெரியும்.

பூஞ்சைக்கொல்லிகளில் ஒரு பெரும்பகுதி எர்கோஸ்டீரால் என்ற பொருளைக் குறிவைக்கிறது. பூஞ்சையின் செல்சவ்வில் அது இருக்கிறது, நம் சவ்வில் இருப்பது கொலஸ்ட்ரால். பித்தியமும் பைட்டோப்தோராவும் ஸ்டீராலைத் தாங்களே செய்வதில்லை, வெளியிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. அதனால் எர்கோஸ்டீரால் உற்பத்தியைத் தடுக்கும் அசோல் மருந்துகள் அவற்றிடம் எடுபடுவதில்லை. வயலில் அதிகம் புழங்கும் கார்பென்டசிம் பூஞ்சையின் டியூபுலின் புரதத்தைப் பிடித்துக் கொல்வது. ஊமைசீட்டுகளுக்கு அதுவும் உறைக்காது. தக்காளி, மிளகாய் நாற்றங்காலில் நாற்று தரையோடு ஒட்டிய இடத்தில் நீர் கோத்து, நசிந்து, அப்படியே சாய்ந்துவிடுகிற நாற்றழுகல் நோய்க்குப் பெரும்பாலும் பித்தியம்தான் காரணம். "பூஞ்சை மருந்து கொடுங்கள்" என்று கடையில் கேட்டுக் கார்பென்டசிம் வாங்கி ஊற்றினால் பணம்தான் கரையும். காரணம் ரைசோக்டோனியாவாக இருந்தால் அது அசல் பூஞ்சை, அதே மருந்து கேட்கும். பித்தியத்துக்கு மெட்டலாக்சில், தாமிர மருந்துகள், எல்லாவற்றுக்கும் முன்னால் மேட்டுப்பாத்தியும் வடிகாலும். நீந்தி வருகிற எதிரிக்கு முதல் வைத்தியம் தண்ணீரை நிற்க விடாமல் இருப்பது.

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை போடுபவர்களுக்கு இந்த வேறுபாடு பழக்கமானது. சாம்பல் நோய் இலையின் மேல் மாவு தூவியது போல வரும். அது அசல் பூஞ்சை, கந்தகத்துக்குக் கேட்கும். அடிச்சாம்பல் நோய் இலையின் அடியில் வெள்ளையாகப் படரும். அது பிளாஸ்மோபாரா என்ற ஊமைசீட்டு, அதற்குத் தாமிரம். போர்டோ கலவை பிறந்ததே இதனால்தான். அமெரிக்காவிலிருந்து கொண்டுபோன திராட்சைச் செடிகளோடு 1870களின் கடைசியில் அடிச்சாம்பல் பிரான்சுக்குள் நுழைந்தது. மெடோக் பகுதியில் சாலையோரக் கொடிகளில் பழம் திருடாமல் இருக்க மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்து வைப்பார்கள். அந்தக் கொடிகள் மட்டும் இலை உதிராமல் நிற்பதைத் தாவரவியலாளர் மில்லர்டே கவனித்தார், 1885இல் கலவையை வெளியிட்டார். மைசூர் மலைநாட்டில் பாக்குக் குலைகளை மழைக்காலத்தில் அழுக வைத்துக் கொட்டும் கொளேரோகா நோய்க்கு, லெஸ்லி கோல்மன் 1910இல் பைட்டோப்தோராவைக் காரணமாகக் காட்டியதும் இந்த வரிசையில் வருவது. மரமேறிகள் இன்றும் பருவமழைக்கு முன்னால் அங்கே தெளிப்பது அதே போர்டோ கலவைதான்.

மெட்டலாக்சில் கதை வேறு மாதிரி. அது ஊமைசீட்டுகளின் ஆர்.என்.ஏ. உற்பத்தியை மட்டும் பிடித்து நிறுத்துகிறது, அசல் பூஞ்சைகளை ஒன்றும் செய்யாது. 1970களின் பிற்பகுதியில் சந்தைக்கு வந்தபோது அற்புதமாக வேலை செய்தது. 1980இலேயே அயர்லாந்திலும் நெதர்லாந்திலும் உருளைக்கிழங்கு வயல்களில் எதிர்ப்புத்திறன் வந்துவிட்டது. அதனால்தான் கடையில் அது மேன்கோசெப்போடு கலந்தே பெரும்பாலும் கிடைக்கிறது. கம்புக்கு அடிச்சாம்பல் வராமல் இருக்க விதைநேர்த்திக்கும் மெட்டலாக்சில் பயன்படுகிறது. கம்பில் இந்த நோய் வந்தால் கதிரில் மணி பிடிக்க வேண்டிய இடத்தில் பச்சை இலைகளாகச் சுருண்டு நிற்கும்.

அயர்லாந்தைச் சொல்லிவிட்டு 1845ஐச் சொல்லாமல் போக முடியாது. அந்த ஆண்டு தொடங்கி உருளைக்கிழங்குப் பயிர் கருகி அழுகியதில் ஏறக்குறைய 10 லட்சம் பேர் செத்தார்கள், அதற்குக் குறையாத எண்ணிக்கையில் ஊரைவிட்டுக் கப்பலேறினார்கள். பைட்டோப்தோரா இன்ஃபெஸ்டன்ஸ்தான் காரணம் என்று இன்று ஒரு வரியில் எழுதிவிடுகிறோம். அன்றைக்குப் பெரும்பாலானோர் ஈரக் காற்றையும் கடவுளின் கோபத்தையும் காரணம் சொன்னார்கள், இலையில் இருந்த பூசணம் நோயின் விளைவு என்றார்கள். அதுவே காரணம் என்று 1846இல் எழுதிய பெர்க்லி என்ற பாதிரியார் சிறுபான்மை. ஜெர்மானியத் தாவரவியலாளர் டி பாரி 1861இல் சோதனை செய்து நிரூபித்து, 1876இல் பைட்டோப்தோரா என்ற பேரினத்தை உண்டாக்கினார். குளிர்ந்த ஈரத்தில், 12 டிகிரி அளவில், இதன் வித்துப்பை ஒவ்வொன்றும் பல நீந்தும் வித்துகளாகப் பிரிகிறது. 20 டிகிரிக்கு மேல் போனால் பிரியாமல் நேராக முளைக்கிறது. ஒன்று பலவாகிற அந்தக் குளிர்தான் நீலகிரிக்கும் இது எளிதாக வந்து ஒட்டிக்கொண்டதற்குக் காரணம்.

மனிதர்களுக்கு வருவது பித்தியம் இன்சிடியோசம். தென்னிந்தியக் கண் மருத்துவமனைகளில் இதனால் வரும் கருவிழிப் புண்ணை அதிகம் பார்க்கிறார்கள். வயலில் கண்ணில் தூசியோ பயிரின் நுனியோ பட்டு வருபவர்கள் பலர். சுரண்டி எடுத்துப் பார்த்தால் அகலமான இழைகள், பூஞ்சை என்று நாட்டமைசின் சொட்டு மருந்து கொடுப்பார்கள். புண் ஆறாது. நாட்டமைசின் ஒட்டிக்கொள்வது எர்கோஸ்டீராலில், இங்கே அது இல்லை. லைனசோலிட், அசித்ரோமைசின் போன்ற பாக்டீரியா மருந்துகள் ஓரளவு கைகொடுக்கின்றன. பலருக்குக் கருவிழி மாற்று வரை போகிறது. சந்தேகத்தைத் தீர்க்க ஆய்வகத்தில் செய்வது கிட்டத்தட்ட நம் எள் சோதனைதான். வளர்ப்பை இலைத் துண்டுகளோடு தண்ணீரில் போட்டு, நீந்தும் வித்து வருகிறதா என்று பார்ப்பார்கள். இதே நாட்டமைசினை, பிமாரிசின் என்ற இன்னொரு பெயரில், தாவர நோய் ஆய்வகங்களில் வளர்ப்பு ஊடகத்தில் கலக்கிறார்கள். மண்ணில் உள்ள மற்ற பூஞ்சைகள் செத்து, பைட்டோப்தோரா மட்டும் வளர்ந்து வர வேண்டும் என்பதற்காக.

ஆனால் கிளையைத் தெரிந்துகொண்டால் மருந்து தானாக வந்துவிடும் என்று அவசரப்பட வேண்டாம். நுரையீரலைத் தாக்கும் நிமோசிஸ்டிஸைப் பல காலம் புரோட்டோசோவா என்று நினைத்திருந்தார்கள். 1988இல் ஆர்.என்.ஏ. பார்த்து, அது அசல் பூஞ்சை என்று தெரிந்தது. அதிலும் எர்கோஸ்டீரால் இல்லை, அதற்கும் அந்தப் பூஞ்சை மருந்துகள் பலிப்பதில்லை.

மீன் வளர்ப்பவர்களுக்குத் தெரிந்த ஊமைசீட்டு இன்னொன்று உண்டு, அஃபனோமைசிஸ் இன்வேடன்ஸ். 1980களின் கடைசியில் இலங்கைக்கும் பிறகு இந்தியாவுக்கும் வந்து, விரால் மீன்களின் உடம்பில் ஆழமான சிவந்த புண்களை உண்டாக்கியது இதுதான். சாப்ரோலெக்னியா பெரும்பாலும் அடிபட்ட மீனில் வெளியே பஞ்சாக நிற்கும், இது தசைக்குள் துளைத்துக்கொண்டு போகும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஊமைசீட்டுகளைப் பூஞ்சையியல் துறையில்தான் படிக்கிறார்கள், படிக்கவும் வேண்டும் என்பேன். வளர்க்கும் முறை, பார்க்கும் முறை, நோய் பரப்பும் விதம் எல்லாம் அங்கே இருப்பவர்களுக்குத்தான் கைவந்தவை. பாசி ஆராய்பவரிடம் நாற்றழுகலைக் கொண்டுபோய்க் கொடுத்து என்ன பயன்? பெயர் வைக்கும் விதிகளும் மாறவில்லை. பாசி, பூஞ்சை, தாவரம் மூன்றுக்கும் ஒரே சர்வதேச விதித்தொகுப்பு என்பதால் எந்தப் பக்கம் போனாலும் அல்புகோ கேண்டிடா அதே பெயரில் இருக்கும்.

மாறக்கூடியது கூட்டத்துக்கு உள்ளேதான். அல்புகோவும் அடிச்சாம்பல் உண்டாக்குபவைகளும் இரண்டுமே உயிருள்ள செடி இல்லாமல் வாழ முடியாதவை. அதனால் நெருங்கிய சொந்தம் என்று முன்பு நினைத்தார்கள். இரண்டும் தனித்தனியே அந்த நிலைக்கு வந்தவை என்று இப்போது தெரிகிறது. அடிச்சாம்பல் பேரினங்களோ, ஜீன்களை வைத்து மரம் வரைந்தால், பைட்டோப்தோராவுக்கு உள்ளிருந்தே முளைத்தவையாக வருகின்றன. விதிப்படி பார்த்தால் பிளாஸ்மோபாரா, பெரோனோஸ்போரா, ஸ்கிளிரோஸ்போரா எல்லாவற்றையும் பைட்டோப்தோரா என்றே அழைக்க வேண்டும், இல்லையென்றால் பைட்டோப்தோராவை உடைத்துப் பல பேரினங்களாக்க வேண்டும். எந்தச் செடியை எந்த நாட்டுக்குள் விடலாம் என்ற தடைப்பட்டியல்கள் முழுக்க இந்தப் பெயர்களில்தான் இருக்கின்றன. அதனால் பெரும்பாலானோர் இப்போதைக்குப் பழைய பெயர்களிலேயே எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.